விரல் பதியாத மாதங்கள்

என் அண்ணிக்குச் சட்டென்று கோபம் வராது. வந்தால் லேசில் போகாது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தால், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டினாலும் வாங்காமல் இறங்க மாட்டார். மளிகைக் கடைக்காரர் தவறிப்போய்க் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், உச்சி வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான். "உன்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ஒரு தராசை வாங்கி வச்சிருக்கலாம்" என்று என் அண்ணன் அவ்வப்போது கேலி செய்வான். அண்ணி சிரித்துக்கொண்டே, கேலி செய்தவனிடம் அன்றைய கடைக் கணக்கைக் கேட்பார்.

அவர் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர். பதினான்கு வருடம் ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை. சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வலது கை விரல் நுனிகளெல்லாம் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். அண்ணனுக்கு மின்விசிறி, மிக்சி பழுது பார்க்கும் கடை. இப்போதெல்லாம் யார் பழுது பார்க்கிறார்கள்? கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். நான் அதே வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். மாடியில் இரண்டு அறை எழுப்பி, ஜன்னல் வைக்கக் கையில் காசில்லாமல் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அண்ணன் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம், வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேவை என்று ஒரு ஏஜென்ட் மூலமாகத் தகவல் வந்தது. போனிலேயே நேர்காணல் நடந்தது. அண்ணி பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு எதிர்முனையில் இருந்தவர் இரண்டு முறை "அருமை" என்றாராம்.

"ஒரு வருஷம்தானே" என்றார் அண்ணி. "கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்."

வழியனுப்பிவிட்டு வந்து, மாடி ஜன்னலுக்கு என்ன அளவில் கண்ணாடி போடுவது என்று அண்ணன் டேப்பை எடுத்து அளந்துகொண்டிருந்தான்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடம் இல்லை. பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையம். கீழே டயர் கடை, மேலே இவர்கள். வகுப்பறைகளைக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள். எந்த அறையில் நின்றாலும் புது ரப்பர் நாற்றம் வரும். பக்கத்து அறையில் யார் என்ன தப்பாகச் சொல்கிறார்கள் என்பதும் கேட்கும். படிக்க வருகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள்: மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, லாரி ஓட்டுநர், ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள், ஒரு பல் டாக்டர். முதலாளி யாரென்று யாரும் பார்த்ததில்லை. அவர் எப்போதும் பயணத்தில் இருந்தார். எல்லாம் மேனேஜர்தான். சம்பளம், விடுமுறை, விசா, மார்க்கர் பேனா எல்லாமே அவர் மேசையைத் தாண்டித்தான் வரும். தீர்ந்துபோன பேனாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புதுப் பேனா.

அங்கே மூத்த ஆசிரியர் நம் மொழிக்காரர். முதல் நாள் அவர் தமிழில் "வாங்க மேடம், சாப்பிட்டீங்களா" என்று கேட்டதும் அண்ணிக்குப் பாதி பயம் போய்விட்டது. அன்று மாலை போனில், "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார் சின்னு, தனியா வந்து மாட்டிக்கிட்டோமேன்னு இனி கவலையில்ல" என்று என்னிடம் சொன்னார். ஒரு வாரத்தில் அதே ஆளுக்கு அண்ணி ஒரு பெயர் வைத்துவிட்டார்: ஆமாஞ்சார். மேனேஜர் எதைச் சொன்னாலும், சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலை ஆடிவிடுமாம்.

முதல் வாரமே ஒன்று நடந்தது. அண்ணிக்குக் கொடுத்த வகுப்பு, புத்தகத்தில் பாதிக்கு மேல் முடித்த வகுப்பு. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஆமாஞ்சாரிடம் கேட்டிருக்கிறார். "நீங்களே பார்த்துக்குங்க மேடம், நாங்கல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு, புத்தக அலமாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போய்விட்டார். அண்ணி முதல் பாடத்தை எடுத்தார். "என் பெயர் இன்னது, உங்கள் பெயர் என்ன" என்று பல் டாக்டரை எழுந்து நின்று சொல்லவைத்தார். வகுப்பு சிரித்தது. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, மாணவர்கள் புகார் சொல்கிறார்கள், அனுபவம் உள்ளவர் என்றார்களே என்றாராம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தபடி ஒரு மணி நேரம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த மற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்த வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன தேய்ஞ்சா போயிடுவாங்க?" என்று அண்ணி கேட்டார்.

தங்குவதற்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கூட இருந்தவள் வேறு நாட்டுக்காரி, சின்ன வயசு. அவளை அண்ணி சுருட்டை என்பார், அப்படிப்பட்ட முடி. அறையில் இருக்கும்போது சுருட்டை தங்கமான பெண். அண்ணிக்கு முட்டை வேகவைத்துக் கொடுப்பாள், அவள் அம்மாவின் போட்டோவைக் காட்டுவாள். டயர் கடைப் படியேறி மேலே வந்துவிட்டால் அண்ணியை முன்பின் தெரியாதவள் போல் இருப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, புதிதாக வருகிறவர்களோடு ஒட்டினால் நம் பெயரும் சேர்ந்து அடிபடும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாளாம். சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்களுக்குத்தான் மோசமான நேரத்து வகுப்புகள் போகும் என்றும் அவள்தான் சொன்னாள்.

இத்தனைக்கும் நடுவில் வாசலில் ஒரு மெஷின் இருந்தது. ஆசிரியர்கள் வரும்போதும் போகும்போதும் விரலை வைக்க வேண்டும். முதல் சில நாட்கள் அது அண்ணியின் விரலை ஏற்றுக்கொண்டது. பிறகு மாட்டேன் என்றுவிட்டது. விரலை வைத்தால் ஒரு பெண் குரல் அந்த ஊர் மொழியில், மன்னிக்கவும், மீண்டும் முயற்சி செய்யவும் என்று சொல்லும். அந்த நாட்டு மொழியில் அண்ணி முதன்முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் அதுதான். கையைக் கழுவிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், கிரீம் தடவிப் பார்த்தார். இடது கை விரல்களை வைத்தார். சில நாள் எப்படியோ ஏற்கும், பல நாள் பத்தில் ஒன்றையும் ஏற்காது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். யாராவது கையை நீட்டித் தன் விரலை வைத்துவிட்டு முந்திக்கொண்டு போவார்கள். மேனேஜரிடம் போய், ஒரு நோட்டுப் போடுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அதெல்லாம் வழக்கமில்லை, தொடர்ந்து முயற்சி செய்யுங்கள் என்று பதில் வந்தது.

முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது அங்கே விதி, கடைசியில் கொடுப்பார்களாம். அது அண்ணிக்குத் தெரியும், ஒப்பந்தத்தில் இருந்தது. இரண்டாம் மாதச் சம்பளம் வந்தபோது அதில் பாதிகூட இல்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் சிரித்த முகத்தோடு மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் அண்ணி வேலைக்கு வரவே இல்லை.

"நான் வராம இருந்தா அத்தனை வகுப்பை யார் எடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

மேனேஜர் கோபப்படவே இல்லையாம். மிகவும் பொறுமையாக, நீங்கள் வந்திருக்கலாம், ஆனால் வந்ததாக இல்லை என்றாராம்.

"இத்தனை வருஷமா இலக்கணம் நடத்தறேன்," என்று அண்ணி போனில் சொன்னார். "இந்த வாக்கியம் எந்தக் காலத்துல வருதுன்னு எனக்குத் தெரியல சின்னு." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஆமாஞ்சார் அப்போது அந்த அறையிலேயே ஏதோ தாளில் கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. நான் தினமும் வந்தேன்ல? நேத்துகூட ஒண்ணா உக்காந்துதானே டீ குடிச்சோம்."

"நான் என் கிளாஸ்ல இருப்பேன் மேடம்" என்றார் அவர். "யார் வந்தா, யார் போனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தமிழில்தான் சொன்னார். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அதாவது, அண்ணி வந்தார் என்று தமிழில் ஒப்புக்கொண்டிருந்தால்கூட அவருக்கு ஒரு நஷ்டமும் இருந்திருக்காது. அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. "எனக்கு மட்டும் புரியற மாதிரியாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரு வாரம் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அடுத்த மாதமும் அதே கதை. நடுவில் ஆமாஞ்சாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது; பத்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அவர் வகுப்புகளையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். அண்ணி எடுத்தார். மனுஷன் வலியில் கிடக்கிறாரே என்று சாயங்காலம் அவர் அறை வாசலுக்குப் போய் ரொட்டியும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வேறு வந்தார். மாதம் முடிந்து பார்த்தால், படுத்திருந்த ஆமாஞ்சாருக்கு முழுச் சம்பளம். மேனேஜர் கையாலேயே வருகை போட்டுவிட்டார், பழைய ஆள் என்று. இரண்டு பேர் வேலையையும் செய்த அண்ணி அதே நாட்களில் வரவில்லை.

இதைக் கேட்டு என் அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தான். "போதும், கெளம்பி வரச் சொல்லு. ஜன்னலும் வேணாம் மண்ணும் வேணாம்" என்றான். போனை வாங்கி அவனே பேசினான். ஒப்பந்தத்தை முறித்தால் பிடித்து வைத்த முதல் மாதச் சம்பளமும் போய்விடும், ஏஜென்டுக்கு வேறு தண்டம் கட்ட வேண்டும் என்று அண்ணி எடுத்துச் சொன்னார். அதோடு விடவில்லை.

"ஏங்க, நான் கடன் கேக்கல, தர்மம் கேக்கல. செஞ்ச வேலைக்குக் கூலி. அதை வாங்காம வந்தா வாழ்நாள் பூரா எனக்கு நெஞ்சுல உறுத்தும்."

அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றான். நர்சிங் கல்லூரியிலிருந்து அன்று காலைதான் பணம் கட்டச் சொல்லித் தகவல் வந்திருந்தது. நாங்கள் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. நான் தைத்து முடித்த துணிகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி எல்லா வாடிக்கையாளருக்கும் போன் போட ஆரம்பித்தேன்.

பிடித்தம் அண்ணிக்கு மட்டும் இல்லை. ஒருவருக்கு விசா செலவு என்றும், ஒருவருக்கு மாணவர் பாதியில் நின்றுவிட்டார் என்றும், சுருட்டைக்கு அறையின் பாத்ரூம் குழாய் உடைந்ததற்கென்றும் பிடித்திருந்தார்கள். அண்ணி ஒவ்வொருவராகப் பேசினார். தனித்தனியாகக் கேட்டால்தானே மிரட்டுவார்கள், ஐந்து பேரும் சேர்ந்து போய் நின்றால் என்ன செய்ய முடியும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் சரி என்றார்கள். ஆமாஞ்சார் எல்லோருக்கும் முன்னால் சரி என்றார். வியாழக்கிழமை, முதல் வகுப்புக்கு முன்னால் என்று முடிவானது.

வியாழக்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்குப் பேருந்து கிடைக்கவில்லை. சுருட்டை அறையிலிருந்து அண்ணியோடு சேர்ந்தே கிளம்பி, படியேறி, மேனேஜர் அறைக்குப் பத்தடி இருக்கும்போது பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனவள், மணி அடித்து வகுப்பு தொடங்கும்வரை வரவில்லை. ஆமாஞ்சார் மட்டும் வந்தார். அண்ணிக்கு அவர் மேல் இருந்த கசப்பெல்லாம் அந்த நிமிடம் கரைந்துவிட்டதாம். இவர் ஒருவர் போதும், பழைய ஆள், சொன்னால் எடுபடும் என்று நினைத்தார்.

உள்ளே போனதும் ஆமாஞ்சார் மேசையைச் சுற்றி நடந்து மேனேஜர் பக்கம் போய் நின்றுகொண்டார். அண்ணி வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். மேடம் புதியவர், இங்குள்ள நடைமுறை அவருக்குப் புரியவில்லை, ஊழியர்களைக் கூட்டிப் பேசியது அவர் தவறுதான், இனி நான் சொல்லிப் புரியவைக்கிறேன், இந்த ஒரு முறை பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். பேசி முடித்ததும் அண்ணியைப் பார்த்துத் தமிழில், "உங்களுக்காகத்தான் பேசினேன் மேடம். வேலை தப்பிச்சுது" என்றார்.

அண்ணி வெளியே வந்து நேராக வகுப்புக்குப் போய்விட்டார். அன்று பாடம் நடத்தும்போது பலகையில் எழுதிய வரி கோணலாகப் போனதாம். பல் டாக்டர் எழுந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். இல்லை, மார்க்கர் தீர்ந்துவிட்டது என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு அவருடைய கால அட்டவணை மாறியது. காலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. நடுவில் உள்ள நேரத்துக்குச் சம்பளம் இல்லை; அறைக்குப் போய்த் திரும்ப பஸ்ஸுக்குக் கொடுத்தால் வகுப்பில் கிடைப்பதில் கணிசம் அதற்கே போய்விடும். அதனால் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். யாரோ ஒருவர் ஃபேனை நிறுத்திவிட்டுப் போவாராம், அண்ணி உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே. பணம் போனதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உயரும். ஃபேனைப் பற்றிச் சொன்ன அன்று குரலே இல்லை.

ஒரு நாள் அந்த வெட்டி நேரத்தில் விசாரித்து விசாரித்து தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரிக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான். உங்களோடு வேலை செய்கிற ஒருவர் வந்து, இவர் தினமும் வந்தார் என்று சொன்னால் போதும், மெஷினைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒருவர் போதும்.

சுருட்டையிடம் கேட்டார். அவள் அழுதுவிட்டாள். என் விசா அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், அம்மாவுக்கு நான்தான் அனுப்புகிறேன் என்றாள். அழுதுகொண்டே இரண்டு முட்டை வேகவைத்து அண்ணி தட்டில் வைத்தாள். அவளை அண்ணியால் திட்டக்கூட முடியவில்லை. ஆமாஞ்சாரிடம் போனார். பத்து நாள் உங்கள் வகுப்பை எடுத்தேனே, அதையாவது சொல்லுங்கள் என்றார்.

"அதைச் சொன்னா நான் அந்தப் பத்து நாள் வரலைன்னு ஆயிடும்ல மேடம்" என்றார் ஆமாஞ்சார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

புகார் விஷயம் இரண்டே நாளில் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அண்ணியின் மாலை வகுப்பைச் சுருட்டைக்கு மாற்றினார்கள். முந்தைய ஆசிரியை ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை, அதனால்தான் மாற்றம் என்று மாணவர்களிடம் சொன்னார்கள்.

அங்கேதான் மேனேஜர் கணக்குத் தப்பியது. மருந்துக்கடைப் பெண்மணி ஒரு வகுப்பையும் விடாதவர். கடையைப் பூட்டிவிட்டு, அந்த வேலை உடுப்போடு வந்து முதல் வரிசையில் உட்காருவார். ஒழுங்காக வராத ஆசிரியையா, வீட்டுப்பாடம் எழுதாமல் ஒரு நாள் வந்ததற்கு என்னை நிற்கவைத்தவரா என்று அவருக்குக் குழப்பம். டயர் கடை வாசலில் காத்திருந்து அண்ணியைப் பிடித்துக் கேட்டார். அண்ணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்ததாம். படிக்க வந்தவர்களிடம் போய் எனக்குச் சம்பளம் வரவில்லை என்று எந்த டீச்சர் சொல்வார்? அதனால்தான் அதிகாரி சாட்சி கேட்டபோதுகூட மாணவர்கள் பக்கம் அவர் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி விடுகிற ஆள் இல்லை. கடைசியில் சொல்லவேண்டியதாயிற்று.

விசாரணை நாளன்று மருந்துக்கடைப் பெண்மணியும் லாரி ஓட்டுநரும் வந்தார்கள். நிலையத்தின் சார்பில் மேனேஜர் வரவில்லை, ஆமாஞ்சாரை அனுப்பியிருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நிலையத்தின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி வந்ததும் தலையை ஆட்டி வணக்கம் வேறு சொன்னார்.

அதிகாரி மருந்துக்கடைப் பெண்மணியை அவர்கள் மொழியிலேயே பேசச் சொன்னார். அவர் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஆங்கிலத்தில் சொன்னார்: "இவர் வகுப்பில் இருந்தார். எப்போதும் இருந்தார். நிறைய வீட்டுப்பாடம் கொடுத்தார். மிகவும் நிறைய." லாரி ஓட்டுநர் அதை ஆமோதித்து, இரண்டு கையையும் அகல விரித்து எவ்வளவு நிறைய என்று காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை என்று அண்ணி எங்களிடம் சொன்னபோது, பல மாதங்களில் முதல் முறையாக அவர் குரலில் பழைய அண்ணி தெரிந்தார்.

நான் அந்த இடத்தோடு கதையை முடித்திருப்பேன், என் கையில் இருந்தால். நடந்தது வேறு.

அதிகாரி ஆமாஞ்சார் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். கோப்பைத் திறந்து அதில் இருந்ததை வாசித்தார் ஆமாஞ்சார். நிலையம் மெஷினை மட்டுமே ஏற்கும். மாணவர்கள் சாட்சியை ஏற்காது. வேண்டுமானால் மேல்முறையீட்டுக்குப் போகும். இருந்தாலும் மனிதாபிமானத்தில் பாக்கியில் பாதியும் ஊர் திரும்ப டிக்கெட்டும் கொடுக்கும், எல்லாம் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி அண்ணியைத் தனியாக அழைத்துப் போனார். நீங்கள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும், வழக்கு நடந்தால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், ஆனால் ஒரு வருடம் ஆகும், வேலை போனால் உங்கள் விசா அதற்கு முன்பே முடிந்துவிடும், அதுவரை எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்.

பஸ்ஸில் சில்லறைக்காக நிறுத்தம் தாண்டிப் போகிறவர், பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, முழுவதும் வந்தது என்று கையெழுத்துப் போட்டார். "என் கையெழுத்தே ஒரு பொய்யாப் போச்சு" என்றார். பணம் குறைந்ததைவிட அதுதான் அவரை அரித்தது. வெளியே மருந்துக்கடைப் பெண்மணி ஜெயித்துவிட்டோமா என்று ஆவலோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் அண்ணி. அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய் என்றார் என்னிடம்.

அவர் ஊர் திரும்பியபோது பழைய பள்ளியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டிருந்தார். இப்போது வேறொரு பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்கு எடுக்கிறார். முன்பு வாங்கியதைவிடக் குறைவு. மாடியில் ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. நர்சிங் கல்லூரிப் பணத்தை நான் தைத்தும் அண்ணன் கடன் வாங்கியும் கட்டிவிட்டிருந்தோம். அது தெரிந்து அண்ணி எங்கள் இருவரிடமும் கொஞ்ச நாள் சரியாகப் பேசவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்று. தெரு ஆட்கள் வெளிநாட்டுப் பணம் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏஜென்டைத் தேடிப் போனார்; அவர் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்ணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். போன் வந்தது. வெளிநாட்டு எண். எடுத்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்து நான் மெஷினை நிறுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நல்லாருக்கீங்களா? நான்தான் பேசறேன்" என்றது குரல். பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை, ஆமாஞ்சார்தான். அவருக்கு நாலு மாதமாகச் சம்பளம் இல்லையாம். மேனேஜர் மாறிவிட்டாராம், புது மேனேஜருக்குப் பழைய ஆள், புது ஆள் என்றெல்லாம் கிடையாதாம். அந்தத் தொழிலாளர் அலுவலகத்தில் எந்த மாடி, எந்த அதிகாரியைப் பார்த்தீர்கள், முதலில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். வைத்துவிடுங்கள் என்று கையைக் காட்டினேன். அண்ணி சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். எந்த பஸ், எந்த வாசல், எந்த மாடி. காலையிலேயே போய்விட வேண்டும். முதல் நாளே எல்லாக் கணக்கையும் மாத வாரியாக எழுதிக்கொண்டு போக வேண்டும். பாதி தருகிறோம் என்பார்கள், விசா இருக்கும்வரை ஒப்புக்கொள்ளக் கூடாது. கூட வேலை செய்கிற ஒருவராவது சாட்சிக்கு வந்தால் நல்லது. இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார். அப்புறம் அவர், "யாரும் வர மாட்டாங்க மேடம். உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார்.

"தெரியும்" என்றார் அண்ணி.

"இன்னொண்ணு மேடம். நான் உங்ககிட்ட கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அதோடு போனை வைத்துவிட்டார். வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், வேலை கிடைத்ததா, ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவனுக்கெல்லாம் எதுக்கு அண்ணி சொன்னீங்க? நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருக்க வேணாமா?" என்றேன்.

"கேக்கத்தான் நெனச்சேன்" என்றார் அண்ணி. "கேள்வி கேட்டா வெளக்கிச் சொல்லிப் பழகின வாய். அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு." பேனாவைத் திறந்தார். ஒரு தாளைத் திருத்தினார். அடுத்த தாளை எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார். "சாரின்னு ஒரு வார்த்தை சின்னு. வெறும் ஒரு வார்த்தை. அதைச் சொல்லக்கூடத் தெரியாத ஆளு அங்க மூத்த இங்கிலீஷ் வாத்தியாரு."

அன்று பூராவும் அண்ணி யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் டீ கேட்டான். கைகால் இல்லையா என்றார். திருத்த எடுத்த தாள்கள் அப்படியே கிடந்தன. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் அவற்றை வாரிப் பையில் திணித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.